மார்மொரா இரும்புக் குழியும் சேருவில மக்னடைற்றும்: ஒன்று தோண்டப்பட்டது, மற்றது ஏன் தோண்டப்படவில்லை?

உவர்மலை ஆசிரியை (திருகோணமலை) கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். நான் திருகோணமலை நகரில் உயர்தர வகுப்பு மாணவருக்குப் புவியியல் கற்பிக்கிறேன். கனியவளங்கள் பற்றிய பாடத்தில் எழுந்த ஒரு கேள்வியை, துறை அறிந்தவர்கள் இங்கே இருக்கிறார்கள் என்ற நம்பிக்கையில் முன்வைக்கிறேன்.

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் வசிக்கும் என் அண்ணன் மகன், மார்மொரா என்னும் சிற்றூருக்கு அருகே கைவிடப்பட்டுள்ள திறந்தவெட்டு இரும்புச் சுரங்கத்தின் படங்கள் சிலவற்றை அனுப்பியிருந்தான். குழியின் மேற்சுவர் வெளிர்சாம்பல் நிறத்தில், அடுக்கி வைத்த கொப்பிகளைப் போலக் கிடையான படைகளாக நிற்கிறது. அதற்குக் கீழே படைகள் சட்டென்று முடிந்து, கருமையும் பச்சையும் கலந்த, ஒழுங்கற்ற பாறை தொடங்குகிறது. அதன் கீழே ஆழமான நீர். இந்தப் படத்தை வகுப்பில் காட்டியபோது, மூதூர்ப் பக்கத்திலிருந்து வரும் மாணவி ஒருத்தி, "நமது மாவட்டத்திலும் சேருவிலவில் இரும்பும் செம்பும் சேர்ந்த தாது இருக்கிறதென்று படித்தோமே, அங்கே ஏன் இப்படி ஒரு குழி தோண்டவில்லை?" என்று கேட்டாள்.

கேள்வி எளிமையாகத் தோன்றினாலும் யோசிக்க யோசிக்க அது வளர்கிறது. மார்மொராத் தாதின்மேல் ஏறத்தாழ 40 மீற்றர் தடிப்பில் சுண்ணாம்புக்கல் மூடியிருந்ததாக அறிகிறேன். தாதை ஏரித் துறைக்குக் கொண்டுசெல்ல ஏறத்தாழ 100 கிலோமீற்றர் புகையிரதப் பயணம் தேவைப்பட்டதாம். நம்முடைய தாதோ கொட்டியாரக் குடாவின் தென்புறத்தில், உலகம் அறிந்த ஓர் இயற்கைத் துறைமுகத்துக்கு எதிர்க்கரையில் கிடக்கிறது. அப்படியிருக்க, அங்கே இலாபமாக இருந்தது இங்கே ஏன் இல்லாமற்போனது? குழியின் சுவரில் தெரியும் அந்த இரண்டு வகைப் பாறைகளின் கதையையும் யாராவது விளக்கினால் மாணவருக்கு மிகவும் உதவும்.

கொட்டியாரத்தான் (ரொறன்ரோ) பதில்:

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். மூதூரில் பிறந்து, இப்போது ரொறன்ரோவில் மண்பொறியியல் துறையில் வேலை செய்பவன் நான். மார்மொரா இங்கிருந்து கிழக்கே காரில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேற்பட்ட தூரம். குழியின் விளிம்பில் பார்வையாளர் நின்று பார்ப்பதற்கு ஓர் இடம் உண்டு. உங்கள் அண்ணன் மகனும் அங்கிருந்துதான் படம் எடுத்திருப்பான்.

முதலில் பாறையைப் பார்ப்போம். கீழே தெரியும் கரும்பச்சைப் பாறை, புவிச்சரிதவியலாளர் கிரென்வில் என அழைக்கும் மிகப் பழைய தொகுதியைச் சேர்ந்தது. நூறு கோடி ஆண்டுகளுக்கும் முன்னர் கடலடியில் சுண்ணாம்பாகப் படிந்து, பின்பு ஒரு பெரும் மலையாக்கத்தின் வெப்பத்திலும் அமுக்கத்திலும் சலவைக்கல்லாக உருமாறிய பாறை அது. அதனுள் உருகிய கற்குழம்பு ஊடுருவியபோது, அதிலிருந்து பிரிந்த சூடான நீர்மங்கள் இரும்பையும் சிலிக்காவையும் சுமந்துகொண்டு சலவைக்கல்லுக்குள் புகுந்தன. சுண்ணாம்புப் பாறை இத்தகைய நீர்மங்களுடன் எளிதில் தாக்கமுறும். காபனீரொட்சைட்டு வெளியேற, அந்த இடத்தைக் காணற்று, பைரொட்சீன், எப்பிடோற்று ஆகிய சிலிக்கேற்றுக் கனியங்கள் நிரப்புகின்றன, இரும்பு, மக்னடைற்று என்னும் காந்தத் தன்மையுள்ள இரும்பு ஒட்சைட்டாகப் படிகிறது. இப்படி உருவாகும் பாறையை ஸ்கார்ன் என்பார்கள். படத்தில் தெரியும் பச்சை, பைரொட்சீனும் எப்பிடோற்றும் தருவது, கருமை, மக்னடைற்று.

மேலேயுள்ள கிடைப்படைச் சுண்ணாம்புக்கல் முற்றிலும் வேறு காலத்தது. அது ஓடோவீசியன் காலத்தில், அதாவது ஏறத்தாழ 45 கோடி ஆண்டுகளுக்கு முன், ஆழமற்ற வெப்பக் கடலில் படிந்தது. கீழ்ப்பாறை உருவாகி, மலையாக உயர்ந்து, அந்த மலை முழுவதும் தேய்ந்து சமதளமான பின்னர்தான் அந்தக் கடல் வந்து மூடியது. ஆகவே, உங்கள் படத்தில் சாம்பல் நிறமும் கருமையும் சந்திக்கும் அந்த ஒரேயொரு கோட்டுக்குள் ஐம்பது கோடி ஆண்டுகளுக்கும் மேற்பட்ட காலம் அடங்கியிருக்கிறது. அந்தக் காலத்துக்குரிய பாறை ஒன்றும் அங்கே எஞ்சவில்லை. இதனை இசைவின்மை என்று பாடநூலில் ஒரு வரியில் படித்துவிட்டுப் போகிறோம். அந்தக் குழியின் விளிம்பில் நின்று பார்க்கும்போதுதான் அதன் பொருள் உறைக்கிறது.

இனி வரலாறு. மார்மொராவில் இரும்புத் தொழில் புதிதல்ல. 1820 களிலேயே அயர்லாந்தைச் சேர்ந்த சாள்ஸ் ஹேய்ஸ் என்பவர் அங்கே ஊதுலை அமைத்து, அருகிலிருந்த பிளேயர்ரன் தாதை உருக்கினார். இரும்பு நன்றாகவே வந்தது. ஆனால் காட்டு வழியாக அதை ஏரிக்கரைக்குக் கொண்டுசேர்க்கும் செலவு அவரைக் கடனில் ஆழ்த்தியது. அந்தக் காலத்தவர் கண்டது நிலமட்டத்தில் வெளிப்பட்டிருந்த தாதை மட்டுமே. ஊருக்கு மிக அருகில், சுண்ணாம்புக்கல்லின் கீழ் இன்னொரு தாதுடல் கிடந்ததை யாரும் ஊகிக்க வழியிருக்கவில்லை.

அதை வெளிப்படுத்தியது வானூர்தியிலிருந்து நடத்திய காந்த அளவை. இரண்டாம் உலகப் போரின்போது நீர்மூழ்கிக் கப்பல்களைத் தேடுவதற்காக உருவாக்கப்பட்ட காந்தமானி, போர் முடிந்தபின் கனியத் தேடலுக்குப் பயன்பட்டது. 1942 ஏப்ரலில் யப்பானிய விமானங்கள் குண்டு வீசிய துறைமுக நகரத்தவர்களான நமக்கு, அந்தக் கடற்போரிலிருந்து பிறந்த கருவி ஒன்று பின்னாளில் இரும்பு தேடியது என்பது சற்றுச் சுவையான செய்திதான். 1949 இல் நடந்த அளவையில், சாதாரண மேய்ச்சல் நிலத்துக்கு மேலாகப் பறந்தபோது காந்தப் புலம் திடீரென உயர்ந்தது. சுண்ணாம்புக்கல்லுக்குக் காந்தத் தன்மை அநேகமாக இல்லை என்பதால், எத்தனை மீற்றர் தடிப்பாக இருந்தாலும் அது கீழேயுள்ள மக்னடைற்றின் புலத்தை மறைப்பதில்லை.

அமெரிக்காவின் பெத்லகேம் ஸ்ரீல் நிறுவனம் துளையிட்டுப் பார்த்துத் தாதின் அளவை உறுதிசெய்துகொண்டு, தன் துணை நிறுவனத்தின் மூலம் வேலையைத் தொடங்கியது. மேற்சுண்ணாம்பை அகற்றுவதற்கே சில ஆண்டுகள் பிடித்தன. அந்த வேலையின் பருமனை மாணவர் கணக்கிட்டுப் பார்க்கலாம்: 20 ஹெக்டேயர் பரப்பில் 40 மீற்றர் தடிப்பை நீக்குவதென்றால் 80 இலட்சம் கனமீற்றர், சுண்ணாம்புக்கல்லின் அடர்த்தியைக் கொண்டு பெருக்கினால் 2 கோடி தொன்னைத் தாண்டும். இவ்வளவையும் வெடிவைத்து உடைத்து, ஏற்றி, ஒரு பக்கத்தில் குவித்த பின்னரே முதலாவது தொன் தாது கண்ணில் படுகிறது. 1955 இல் உற்பத்தி தொடங்கியது. தாதில் இரும்பின் பங்கு பாதிக்கும் குறைவு என்பதால் அதை அப்படியே அனுப்பவில்லை. மாவாக அரைத்து, நீரோட்டத்தில் காந்த உருளைகளின்மேல் செலுத்தி மக்னடைற்றைப் பிரித்தெடுத்து, சிறு உருண்டைகளாக உருட்டிச் சூளையில் சுட்டார்கள். அந்த உருண்டைகள் புகையிரதத்தில் பிக்ரன் துறைக்குப் போய், அங்கிருந்து கப்பலில் ஒன்ராறியோ ஏரியைக் கடந்து, வெலண்ட் கால்வாய் வழியாக ஈரி ஏரிக்கரையிலுள்ள லாக்கவானா உருக்காலைக்குச் சென்றன. 1978 இல் சுரங்கம் மூடப்பட்டது. குழி அப்போது 200 மீற்றருக்கும் மேற்பட்ட ஆழத்தை எட்டியிருந்தது.

ஓய்வுபெற்ற அளவையாளர் (தம்பலகாமம்) பதில்:

தம்பி கொட்டியாரத்தான் மார்மொராவை நன்றாக விளக்கிவிட்டார். சேருவில பற்றி நான் எழுதுகிறேன். கள அளவை வேலையில் நெடுங்காலம் இருந்தவன் என்ற முறையில் சிலவற்றை நேரில் அறிவேன்.

சேருவிலவுக்கு அருகே, அரிப்பு என்னும் இடத்தில் செம்பு–மக்னடைற்றுத் தாது இருப்பதை இலங்கைப் புவிச்சரிதவியல் திணைக்களம் 1971 இல் கண்டறிந்தது. இலங்கையின் பாறைகளை வரைபடத்தில் பார்த்தால், நடுவே உயர்நிலத் தொகுதியும் கிழக்கே விஜயன் தொகுதியும் இருக்கக் காணலாம். சேருவில இவ்விரண்டும் சந்திக்கும் எல்லைக்கு அருகில் அமைந்துள்ளது. இந்த எல்லையை வெறும் கோடாக எண்ணக் கூடாது. கன்னியா வெந்நீரூற்று முதல் தெற்கே மகாபெலஸ்ஸ வரை வெந்நீரூற்றுகள் பல இதன் போக்கை ஒட்டியே அமைந்துள்ளன. உசன்கொட போன்ற இடங்களில் உள்ள, சேப்பன்ரைன் எனப்படும் உருமாறிய பாறைகளும் இதனோடு தொடர்புடையவை. ஆழத்திலிருந்து நீர்மங்கள் மேலெழுந்து வருவதற்கு வழியுள்ள வலயம் அது.

சேருவிலத் தாதும் சுண்ணாம்புச் சிலிக்கேற்றுப் பாறைகளோடு சேர்ந்தே காணப்படுகிறது. ஆதலால் அதற்கும் மார்மொரா ஸ்கார்னுக்கும் குடும்பச் சாயல் உண்டு. எனினும், இங்கே பாறைகள் பிற்காலத்தில் மிகக் கடுமையான உருமாற்றத்துக்கு உட்பட்டு, மடிந்து நசுங்கியிருப்பதால், தாது முதலில் எப்படிப் படிந்தது என்பதில் அறிஞரிடையே ஒருமித்த கருத்து இல்லை. இன்னொன்றையும் ஆசிரியை வகுப்பில் சொல்லலாம்: விஜயன் தொகுதியின் பல பாறைகள் நூறு முதல் நூற்றுப் பத்துக் கோடி ஆண்டு வயதுடையவை, அதாவது மார்மொராவின் கீழ்ப்பாறையை உருமாற்றிய மலையாக்கத்தின் காலத்தவை.

காந்த அளவை பற்றித் தம்பி எழுதியதில் ஒரு வரியை இங்குள்ள மாணவர் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. தாதின்மேல் புலம் உயரும் என்பது கனடாவுக்குப் பொருந்தும். அங்கே புவிக்காந்தக் கோடுகள் ஏறத்தாழச் செங்குத்தாக நிலத்துக்குள் இறங்குகின்றன. திருகோணமலையோ காந்த மத்தியகோட்டுக்கு மிக அண்மையில் இருக்கிறது. இங்கே அக்கோடுகள் கிட்டத்தட்டக் கிடையாக, தெற்கிலிருந்து வடக்கு நோக்கி ஓடுகின்றன. தாதுடலும் கிடையாகவே காந்தமேற்றப்படுகிறது. அதன் விளைவாக, தாதுக்கு நேர்மேலே அதன் புலம் புவியின் புலத்துக்கு எதிராக நின்று அதைக் குறைக்கும். வடபுறத்திலும் தென்புறத்திலும்தான் சற்று உயர்வு தெரியும். எனவே, இங்கே அளவை வரைபடத்தில் உயர்வைப் பார்த்துத் துளையிடுபவர் தாதைத் தவறவிடக் கூடும். பழைய காந்தத்தைப் பாறை தன்னுள் நிலையாகச் சேமித்து வைத்திருந்தால் படம் இன்னும் சிக்கலாகும். கள வேலைக்கு வரும் இளைஞர்களுக்கு இதைப் புரியவைப்பதற்குள் எங்களுக்குப் போதும் போதும் என்றாகிவிடும்.

இனி முக்கிய கேள்வி. சேருவிலவில் ஏன் குழி இல்லை? போர் என்று ஒரு சொல்லில் பலர் விடை கூறுவார்கள். போர் அந்தப் பிரதேசத்தில் நீண்ட காலம் தொடராய்வுக்கு இடந்தரவில்லை என்பது உண்மைதான். ஆனால், போர் இல்லாத சிலாபப் பக்கத்தில், பனிரெண்டாவவில், மண்ணுக்கடியில் மறைந்துள்ள மக்னடைற்றும் தோண்டப்படாமலேயே கிடக்கிறது. இரண்டுக்கும் பொதுவான காரணம் அளவு. இவை சில மில்லியன் தொன் என்ற எல்லைக்குள் அடங்குபவை. மார்மொராவில் 23 ஆண்டுகள் ஓர் ஆலைக்கு இடைவிடாமல் தாது கொடுக்க முடிந்தது. உடைக்கும் ஆலை, அரைக்கும் ஆலை, காந்தப் பிரிப்பு, உருண்டைச் சூளை, மின்சாரம், இறங்குதுறை ஆகிய யாவும் தாது பெரிதாக இருந்தாலும் சிறிதாக இருந்தாலும் கட்டியே ஆகவேண்டியவை. அந்த முதலீட்டைப் பல கோடி தொன்னின்மேல் பரப்பினால் தாங்கும். சில மில்லியன் தொன்னின்மேல் ஏற்றினால் ஒவ்வொரு தொன்னும் நட்டத்தில் போகும். துறைமுகம் எதிரே இருப்பது ஏற்றுமதிச் செலவைக் குறைக்குமே தவிர, ஆலைச் செலவைக் குறைக்காது.

வாங்குபவர் யார் என்பதும் உண்டு. மார்மொராத் தாதைத் தோண்டியவரும் அதை உருக்கியவரும் ஒருவரே. நமது நாட்டிலோ ஒறுவல உருக்குக் கூட்டுத்தாபனம் இறக்குமதியான உருக்குக் கட்டிகளை உருட்டிக் கம்பியாக்கும் ஆலையாகவே இயங்கியது. தாதை உருக்கும் ஊதுலை இங்கு எழவில்லை.

புல்மோட்டைவாசி பதில்:

ஓய்வுபெற்ற ஐயா கூறுவதை ஏற்றுக்கொள்கிறேன். எனினும் ஆசிரியையின் மாணவர்கள் நம் மாவட்டத்தில் இரும்பு தோண்டப்படவே இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. புல்மோட்டைக் கடற்கரையில் அள்ளப்படும் இல்மனைற்று, இரும்பும் தைத்தேனியமும் ஒட்சிசனும் சேர்ந்த கனியம்தான். 1957 இல் கனிய மணல் கூட்டுத்தாபனம் அமைக்கப்பட்டதிலிருந்து அதன் வரலாறு தொடர்கிறது. அதை இரும்புக்காக எவரும் வாங்குவதில்லை. வெள்ளை வர்ணப்பூச்சுக்குத் தேவையான தைத்தேனியத்துக்காக வாங்குகிறார்கள்.

மார்மொராவில் வெடியும் அரைப்பும் செய்த வேலையை இங்கே மழையும் ஆறும் அலையும் முன்கூட்டியே செய்து வைத்திருக்கின்றன. உயர்நிலப் பாறைகள் சிதைந்து மணலாகி வந்து சேர, இலேசான படிகமணலை அலை அள்ளிச் செல்கிறது, பாரமான கருமணல் கரையில் தங்குகிறது. வடகீழ்ப் பருவக்காற்று ஆண்டுதோறும் புதிதாகக் கொண்டுவந்து சேர்ப்பதும் உண்டு. ஆகையால் இங்கே ஆழமான குழி கிடையாது. பிரிக்கும் முறையில் மட்டும் ஓர் ஒற்றுமை இருக்கிறது: வலுக்குறைந்த காந்தம் முதலில் மக்னடைற்றை நீக்கும், வலுவான காந்தம் அடுத்து இல்மனைற்றை இழுக்கும். மிஞ்சும் கனியங்களான ரூட்டைலையும் சேர்க்கோனையும் மின்னைக் கொண்டு பிரிக்கிறார்கள். ரூட்டைல் மின்னைக் கடத்தும், சேர்க்கோன் கடத்தாது. ஆசிரியை ஒரு சாதாரணக் காந்தத்தைக் கடற்கரைக்கு எடுத்துச் சென்றால், அதில் பாய்ந்து ஒட்டும் கருந்துகள்கள் மக்னடைற்று என்றும், அலட்சியமாகக் கிடக்கும் கருந்துகள்களில் பெரும்பாலானவை இல்மனைற்று என்றும் மாணவருக்கு உடனே காட்டலாம். செந்நிறத் துகள்கள் காணற்று.

உவர்மலை ஆசிரியை:

மூவருக்கும் மிக்க நன்றி. காந்த மத்தியகோடு பற்றிய விளக்கத்தை எந்தப் பாடநூலிலும் நான் கண்டதில்லை. அடுத்த வகுப்பே அதற்குத்தான். மாணவர் நிச்சயம் கேட்கப்போகும் இன்னும் ஒன்றைக் கேட்டுவிடுகிறேன். மார்மொராக் குழியில் நிற்கும் நீர் எங்கிருந்து வந்தது? அதை இனி எதற்காவது பயன்படுத்த முடியுமா? சேருவிலவில் ஒருநாள் குழி தோண்டினால் அங்கும் இப்படி ஓர் ஏரி உண்டாகுமா?

கொட்டியாரத்தான்:

ஆசிரியை அவர்களே, நிலத்தடி நீர்மட்டத்துக்குக் கீழே தோண்டப்படும் எந்தக் குழிக்கும் நீர் தானாகவே வரும். மார்மொராவில் சுண்ணாம்புக்கல்லின் படைகளுக்கும் வெடிப்புகளுக்கும் ஊடாகக் கசியும் நீரை, வேலை நடந்த காலம் முழுவதும் பம்பிகள் வெளியேற்றிக்கொண்டிருந்தன. 1978 க்குப் பின் அவை நிறுத்தப்பட, நிலத்தடி நீரும் மழையும் உருகிய பனியும் சேர்ந்து குழியைப் பதிற்றாண்டுகளாக நிரப்பிவருகின்றன. குழி ஆழமாகவும் வாய் ஒப்பளவில் ஒடுக்கமாகவும் இருப்பதால், காற்று கிளறிவிடும் சாதாரண ஏரியைப் போல அதன் அடிநீர் எளிதில் மேல்நீருடன் கலப்பதில்லை.

பயன் பற்றிச் சொன்னால், அந்த உயர வேறுபாடே ஒரு வளம். நோத்லன்ட் பவர் நிறுவனம் 400 மெகாவாற் அளவில் நீரேற்று மின்திட்டம் ஒன்றை அங்கே முன்மொழிந்தது. சுரங்கம் வெட்டிக் குவித்த கழிவுக்கல் மேட்டின்மேல் ஒரு நீர்த்தேக்கம், குழியே கீழ்த்தேக்கம். மின்தேவை குறைந்த இரவுகளில் நீரை மேலேற்றி, தேவை கூடும் நேரத்தில் சுழலிகள் வழியாகக் கீழே விடுவது திட்டம். இரும்புக்காக ஒருகாலத்தில் அகற்றிய கல்லே மின்சாரத்துக்கு வேண்டிய உயரத்தைத் தருகிறது என்பது, பொறியியலாளன் என்ற முறையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

ஓய்வுபெற்ற அளவையாளர்:

சேருவில பற்றிய கடைசிக் கேள்விக்கு நான் விடை கூறுகிறேன். ஏரி உண்டாகும், ஆனால், அது வேறு வகையான ஏரியாக இருக்கும். மார்மொராவில் சுற்றியுள்ள சுண்ணாம்பும் சலவைக்கல்லும் அமிலத்தை நடுநிலைப்படுத்த வல்லவை. சேருவிலத் தாதில் மக்னடைற்றோடு கல்கோபைரைற்று, பைரைற்று போன்ற, கந்தகம் சேர்ந்த சல்பைட்டுக் கனியங்கள் கலந்துள்ளன. அவை நிலத்துக்குள் மூடியிருக்கும்வரை தீங்கில்லை. வெட்டித் திறந்து காற்றும் நீரும் படவிட்டால் சல்பூரிக்கமிலம் தோன்றும். அந்த அமிலம் செம்பையும் பிற உலோகங்களையும் கரைத்துக்கொண்டு நகரும். சுற்றியுள்ள சுண்ணாம்புச் சிலிக்கேற்றுப் பாறை எவ்வளவு அமிலத்தைத் தாங்கும் என்பதை ஒவ்வொரு துளையின் மாதிரியிலும் சோதித்தே சொல்ல முடியும்.

அங்கே நிலம் தாழ்ந்தது. அல்லைக் குளத்தின் கீழும் வெருகல் ஆற்றை ஒட்டியும் வயல்கள் பரந்திருக்கின்றன. மாரிகாலத்தில் மகாவலியின் வெள்ளம் அந்தப் பக்கம் புகுவதை மூதூரார் யாரும் அறிவர். குழியைக் காய்ந்த நிலையில் வைத்திருக்க ஓயாமல் நீர் இறைக்க வேண்டும், அப்படி இறைத்தால் அயற்கிணறுகளின் மட்டம் இறங்கும், இறைத்த நீரை எங்கே விடுவது என்ற கேள்வியும் எழும். அதனால்தான், செம்பின் விலை உயர்ந்து எவராவது அந்தத் தாதை மீண்டும் ஆராய வந்தால், திறந்தவெட்டு என்ற பேச்சுக்கு முன்னர் ஒரு முழு ஆண்டேனும், மாரியும் கோடையும் அடங்க, நிலத்தடி நீர்மட்டத்தை அளக்க வேண்டும் என்று நான் கூறுவேன். உங்கள் மாணவியின் வீடு மூதூர்ப் பக்கமென்றால், தன் கிணற்றில் கயிற்றின் ஈரத்தை மாதந்தோறும் அளந்து குறித்து வைப்பதையே ஒரு செயற்றிட்டமாக அவளுக்குக் கொடுக்கலாம்.